கையால் செய்ததற்கு என்ன விலை: ரிச்சி தெருவில் வாங்கிய எல்எம் 3886 ஆம்ப்ளிஃபயர் போர்டு

இந்த மதிப்புரையை நான் மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதத் தொடங்கினேன். அப்போதே முடித்திருந்தால், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய இந்தப் போர்டுக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்து, இதை வைத்து நான் அசெம்பிள் செய்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் 20,000 ரூபாய்க் கம்பெனி செட்டுகூட நிற்காது என்று எழுதியிருப்பேன். எழுதாமல் தள்ளிப்போட்டதே நல்லதாயிற்று. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் என் வீட்டுக் கூடத்தில் நடந்த சிறு சோதனைக்குப் பிறகு, போர்டைப் பற்றிய என் கருத்து பெரிதாக மாறவில்லை என்றாலும், ஒரு பொருளைத் தன் கையால் செய்தவனிடமே அதற்கு மதிப்புரை கேட்கலாமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே இதில் பாதி போர்டைப் பற்றியது. மீதி, அதை மதிப்பிட உட்கார்ந்த ஆளைப் பற்றியது.

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, கைப்பேசி உறைகளும் சிசிடிவி கேமராக்களும் அடுக்கிய கடைகளைக் கடந்து, நரசிங்கபுரம் தெருவை ஒட்டிய சந்துகளுக்குள் போனால்தான் ஆடியோ போர்டு விற்கும் சிறு கடைகள் கண்ணில் படும். நான் வாங்கிய கடையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க இடமில்லை. கடைக்காரர் ஐம்பதைக் கடந்தவர்; என்ன ஸ்பீக்கர், எவ்வளவு பெரிய அறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் எடுத்துத் தரமாட்டார். '200 வாட்ஸ்' என்று அச்சிட்ட ஒரு பெரிய டிரான்சிஸ்டர் போர்டின் மேல் நான் கைவைத்தபோது, "உங்க ஸ்பீக்கர் எட்டு ஓம்ஸ், ரூம் பத்துக்குப் பன்னெண்டு. இது எதுக்கு சார், கல்யாண மண்டபத்துக்கா?" என்று கேட்டுவிட்டு, அதில் பாதி விலையுள்ள இந்த எல்எம் 3886 போர்டை எடுத்து மேசைமேல் வைத்தார். விற்க வேண்டியவர் விலை குறைந்த பொருளைக் காட்டியதற்காகவே அந்தக் கடைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

எல்எம் 3886 என்பது நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கிய, 2011-இல் அந்நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிய பிறகு அதன் பெயரில் வெளிவரும், பதினொரு கால்கள் கொண்ட ஐ.சி., அதாவது ஆம்ப்ளிஃபயரின் முக்கியச் சுற்றை ஒரே சில்லில் அடக்கிய பாகம். பிளஸ் 28, மைனஸ் 28 வோல்ட் கொடுத்தால் எட்டு ஓம் ஸ்பீக்கரில் 38 வாட், நான்கு ஓம் ஸ்பீக்கரில் 68 வாட் தரும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. நம் ஊரில் அசெம்பிள் செட் செய்யப் பழகுகிறவர்கள் பலர் '4440 போர்டு' என்று அழைக்கப்படும், சான்யோவின் எல்ஏ 4440 ஐ.சி.யில் கை பழகிவிட்டு, அதன் பிறகு '5200-1943' என்ற எண்ணாலேயே பெயர்பெற்ற டிரான்சிஸ்டர் ஜோடிக்குத் தாவிவிடுவார்கள். முன்னது ஒரு சிறு அறைக்கே போதாமல் போகலாம். பின்னது பக்கத்து வீட்டுக்காரரையும் எழுப்பும். இவற்றுக்கு இடையில் ஒரு சாதாரண வீட்டுக் கூடத்துக்கு அளவாக அமைந்தது இந்த ஐ.சி. என்பது என் எண்ணம்.

செலவுக் கணக்கு இது. ஸ்டீரியோ போர்டு 1,250 ரூபாய், 20-0-20 வோல்ட், ஐந்து ஆம்பியர் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் 1,800, ஐ.சி.யின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் 550, கேபினட் 900, வால்யூம் கன்ட்ரோல், சாக்கெட், ஒயர், ஃபியூஸ் முதலான சில்லறைச் சாமான்கள் 700. மொத்தம் 5,200 ரூபாய். பின்னர் என் தவற்றால் எரிந்துபோன ஓர் ஐ.சி.க்கு 350 ரூபாய் சேர, 5,550 ஆயிற்று.

போர்டின் தரத்தில் எனக்குக் குறையில்லை. செப்புப் பாதைகள் தடிமனாக இருக்கின்றன, ஒவ்வொரு பாகத்தின் மதிப்பும் இடம் தவறாமல் அச்சிடப்பட்டிருக்கிறது, ஈயப்பற்று இரண்டு முறை வைத்து எடுத்தாலும் செப்பு பெயர்ந்து வருவதில்லை. குறை, உடன் தரும் ஒற்றைத் தாள் விளக்கத்தில் இருக்கிறது. இந்த ஐ.சி.யின் முதுகில் உள்ள உலோகத் தகடு மைனஸ் சப்ளையோடு உள்ளேயே இணைக்கப்பட்டது; ஆகவே ஹீட் சிங்கில் பொருத்தும்போது நடுவில் மைக்காத் தாளும் திருகாணிக்குப் பிளாஸ்டிக் வளையமும் வைக்காமல் இறுக்கினால், அந்த மைனஸ் 28 வோல்ட் கேபினட் முழுவதும் பரவி ஷார்ட் ஆகும். இந்த ஒரு வரி அந்தத் தாளில் இல்லை. நானும் மைக்கா வைக்கவில்லை. புதிதாகக் கூட்டிய எந்த செட்டையும் முதல் முறை நேராக மின்சாரத்தில் செருகக்கூடாது, சீரிஸில் ஒரு 100 வாட் குண்டு பல்பைப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது மெக்கானிக் கடைச் சிறுவனுக்கும் தெரிந்த பாடம். அவசரத்தில் அதையும் தாண்டிப் போனேன். ஃபியூஸும் ஓர் ஐ.சி.யும் ஒரே நொடியில் போயின.

ஐ.சி.யை மாற்றி, மைக்கா வைத்து, மறுபடி இயக்கியபோது செட் பேசியது. ஆனால் பாட்டுக்கு அடியில் ஒரு ஹம்மிங் இருந்தது. வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அது குறையவில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதை டயோடு பிரிட்ஜ் இருபக்கமும் நிமிர்த்திவிடுவதால், கெப்பாசிட்டருக்குள் போகும் மின்னோட்டத் துடிப்பு விநாடிக்கு 100 முறை நிகழ்கிறது. அந்தத் துடிப்பு ஓடும் கிரவுண்ட் ஒயரின் (மின்னோட்டம் திரும்பி வரும் பொது ஒயரின்) வழியிலேயே பாட்டின் கிரவுண்டும் திரும்பி வந்தால், பாட்டோடு அந்தத் துடிப்பும் கலந்து ஸ்பீக்கருக்குப் போய்விடும். இது எனக்கு ஏட்டளவில் தெரியும். ஆனால் ஏழெட்டு ஒயர்களில் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் பிடித்தது. அலுவலகத்திலிருந்து வந்ததும் மூடியைக் கழற்றுவேன். ஓர் ஒயரை எடுத்து வேறோர் இடத்தில் வைத்துப் பார்ப்பேன். ஹம்மிங் கொஞ்சம் குறையும், அல்லது கூடும். கடைசியில், இரு கெப்பாசிட்டர்களின் நடுப்புள்ளியிலிருந்து தனியாக ஒரு தடித்த ஒயரை இழுத்து, ஸ்பீக்கரின் கிரவுண்டு, உள்ளீட்டின் கிரவுண்டு, கேபினட் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒயரின் முனையில் ஒரே புள்ளியில் சேர்த்த அன்றிரவு, ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால்தான் ஏதோ மூச்சுப் போலக் கேட்டது. மணி பதினொன்றரை. ஒரு பழைய நாதஸ்வரப் பதிவைப் போட்டேன். அதைப் போன்ற நாதஸ்வரத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை என்று அன்று உறுதியாக நம்பினேன். தூக்கம் கலைந்து எழுந்து வந்த மனைவி, "நல்லாத்தாங்க இருக்கு, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்றாள். பழைய செட்டில் கேட்டபோதும் அவள் இதையேதான் சொன்னாள் என்பது நினைவுக்கு வரவே எனக்குப் பல நாட்கள் ஆயின.

அந்த உற்சாகத்தில்தான், இன்னொரு செட் செய்வதற்குப் பணம் வேண்டும் என்று, இதைப் பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் 12,000 ரூபாய் விலை போட்டு விளம்பரம் செய்தேன். தொலைபேசியில் அழைத்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "கம்பெனி செட்டா, அசெம்பிள் செட்டா?" என்பதுதான். அசெம்பிள் என்றதும் குரல் இறங்கிவிடும். அதிகபட்சமாக ஒருவர் 4,000 ரூபாய் கொடுப்பதாகச் சொன்னார். அவரிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் கணக்கு தெளிவாக இருந்தது: சாமான் 5,550, என் உழைப்பு குறைந்தது 40 மணி நேரம், அதோடு கடையில் கிடைக்காத தரம். அவர் கணக்கும் தெளிவாகவே இருந்திருக்கும்: உத்தரவாதம் இல்லை, ரிப்பேர் வந்தால் தூக்கிக்கொண்டு போக இடமில்லை, உள்ளே யார் என்ன செய்து வைத்திருக்கிறார்களோ தெரியாது. நான் விலையில் கூட்டிய அதே 40 மணி நேரத்தை அவர் விலையில் கழித்திருக்கிறார்.

இந்த இடைவெளியை ஆராய்ந்தவர்கள் உண்டு. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோக்கன், டான் ஏரியலி ஆகிய மூவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஓரிகாமி பழக்கமில்லாதவர்களைத் தாளை மடித்துப் பொம்மை செய்யச் சொல்லி, அதற்கு அவர்களே எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். செய்தவர்கள் தங்கள் பொம்மைக்குச் சராசரியாக 23 அமெரிக்கக் காசு தருவதாகச் சொன்னார்கள். அதே பொம்மைகளுக்கு வெளியாட்கள் தர முன்வந்தது 5 காசு. கைதேர்ந்தவர்கள் மடித்த பொம்மைகளுக்கு வெளியாட்கள் தந்த மதிப்பு 27 காசு என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் வேடிக்கை புரியும்: கோணல்மாணலாக மடித்தவர்கள் தங்களைக் கிட்டத்தட்ட வித்தகர்கள் வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள். வாங்கியவரே பாகங்களைப் பூட்டிக்கொள்ள வேண்டிய மரச்சாமான்களை விற்கும் ஸ்வீடன் நாட்டு நிறுவனமான ஐகியாவின் பெயரையே இதற்கு வைத்து, 'ஐகியா விளைவு' என்றார்கள். அதற்கும் முன்பு, 1990-இல் கானமன், நெட்ச், தேலர் ஆகியோர் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பையை இலவசமாகக் கொடுத்து, விற்கச் சொன்னபோது, கையில் கோப்பை உள்ளவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. அந்தக் கோப்பையைச் செய்யக்கூட இல்லை, சும்மா வைத்திருந்ததற்கே அந்த விலை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நாம் சொல்லிவிட்டுப் போவதை, இவர்கள் எத்தனை காசுப் பொன் என்று நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் சொன்ன மூவரின் ஆய்வில் இன்னொரு முடிவு, போர்டு வாங்குகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது. பாதியில் விட்டவர்களுக்கும், செய்து முடித்ததைப் பிரித்துப் போட்டவர்களுக்கும் அந்தக் கூடுதல் மதிப்பு ஏற்படவில்லை. அதாவது உழைப்பு மட்டும் போதாது, வேலை முடிய வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள்: இதைப் போன்ற போர்டுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் யார்? செட் பேசியவர்கள். ஹம்மிங்கை விரட்ட முடியாமல் பரண்மேல் தூக்கிப் போட்டவர்கள் எழுத வருவதில்லை. எழுதினாலும் தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள். ஆகவே தானே செய்யும் சாமான்களுக்கு நீங்கள் படிக்கும் மதிப்புரைகளில் பெரும்பகுதி, பெற்றோரே தங்கள் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் என்று வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. நான் போர்டை வாங்குவதற்கு முன் படித்தவையும் அப்படிப்பட்டவைதான்.

உழைப்பு, உடைமை இரண்டும் ஒருபுறம் இருக்கட்டும். என் அனுபவத்தில் இன்னொரு காரணம் இவற்றைவிட வலுவாக வேலை செய்தது என்று நினைக்கிறேன். கடையில் செட் வாங்குகிறவர் அதைப் பக்கத்துக் கடைச் செட்டோடு ஒப்பிடுகிறார். செய்தவனோ, தன் செட்டை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிடுகிறான். நேற்று புகை வந்தது, இன்று வரவில்லை. நேற்று ஹம்மிங் இருந்தது, இன்று இல்லை. இரண்டு வாரம் பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சலைக் கேட்டுக் காது சலித்துப்போனவனுக்கு, இரைச்சல் நின்ற கணமே சங்கீதமாகக் கேட்கிறது. கம்பெனி செட்டில் அந்த நிசப்தம் முதல் நாளிலிருந்தே இருப்பதால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நான் அன்றிரவு கேட்ட நாதஸ்வரத்தின் பெருமையில் பெரும்பங்கு, அதில் கேட்காமல் போன 100 ஹெர்ட்ஸுக்கு உரியது.

இதையெல்லாம் எனக்கு உணர்த்தியவர், எதிர் வீட்டில் இருக்கும், வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவரை அழைத்து வந்து என் செட்டைக் கேட்கச் சொன்னபோது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதம் இதில் எவ்வளவு கனமாக விழுகிறது, வயலின் எவ்வளவு மென்மையாக இழைகிறது என்றெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதோட வச்சுப் பாத்து சொல்றே தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ரிச்சி தெருக் கடைக்காரர் இதே போர்டை வைத்துத் தம் கடைப் பையன் அசெம்பிள் செய்த செட் ஒன்றையும் விற்கிறார். விலை 6,000 ரூபாய். முன்பணம் வாங்கிக்கொண்டு அதை இரண்டு நாட்களுக்குக் கொடுத்தார். இந்த ஒத்துழைப்பை வேறெந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. அந்த செட்டையும் என் செட்டையும் ஒரே ஸ்பீக்கர் ஜோடிக்கு ஒரு சுவிட்ச் வழியாக இணைத்தோம். இதைச் செய்ய விரும்புகிறவர்கள், சுவிட்ச் மாறும் கணத்தில்கூட இரு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீடுகள் ஒன்றையொன்று தொடாதபடி, இரு ஒயர்களையும் துண்டித்துவிட்டு மாற்றும் சுவிட்சாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரியவர் முதலில் கவனித்தது சத்த அளவை. "சத்தம் ஒரு துளி கூட இருந்தாலே நல்லா இருக்கிற மாதிரிதான் கேக்கும். முதல்ல ரெண்டையும் சமமா வை" என்றார். கைப்பேசியிலிருந்து 200 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்து, இரண்டிலும் 2 வோல்ட் வருமாறு சரிசெய்தோம். மலிவான மல்ட்டிமீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் தவறாகக் காட்டும் என்பதால்தான் 200. இரண்டுக்கும் இடையில் 1 சதவீத வேறுபாடு இருந்தாலும், டெசிபல் கணக்கில் அது 0.1-க்கும் கீழே. அளந்தபோதுதான், அதுவரை என் செட்டை எப்போதும் ஒரு பிடி கூடுதல் வால்யூமில் வைத்தே பிறருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன் என்பதும் தெரியவந்தது.

என் தங்கை மகள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காசைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றொன்று என்று சுவிட்சை மாற்றி நோட்டில் குறித்துக்கொண்டாள். மொத்தம் 12 சுற்று. நான்காவது சுற்றில், கேட்கத் தொடங்கிய மாத்திரத்தில், "இதோ, இது என்னுடையது, தொப்பியைக் கேளுங்கள்" என்று கையை உயர்த்திச் சொன்னேன். அது கடைப் பையனுடையது. முடிவில் எனக்கு 12-க்கு 7 சரி, பெரியவருக்கு 6, மனைவிக்கு 5. அவள் எட்டாவது சுற்றிலிருந்தே காபி போடும் ஞாபகத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னதாகப் பிறகு தெரிவித்தாள். ஏழு என்றதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் எதையும் கேட்காமல் வெறுமனே ஊகித்தால்கூட, 12-க்கு 7 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு ஏறத்தாழ 100-க்கு 39 வாய்ப்பு உண்டு. என் காதுக்கும் காசுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

போர்டைப் பொறுத்தவரை இது பாராட்டு. யார் கூட்டினாலும், ஒழுங்காகக் கூட்டினால், ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பது ஒரு நல்ல வடிவமைப்புக்கு அடையாளம். விளக்கத் தாளின் குறைக்காக ஒரு மதிப்பெண்ணைக் கழித்து ஐந்துக்கு நான்கு தருகிறேன். பாட்டு மட்டும் வேண்டுமென்பவர்கள் கடையில் தயாராக உள்ள 6,000 ரூபாய்ச் செட்டையே வாங்கலாம். எனக்கும் அதற்கும் உள்ள 450 ரூபாய் வித்தியாசம், நான் ரிச்சி தெருவுக்கு ஆறு முறை போய்வந்ததிலேயே கரைந்துவிட்டது. மாலை நேரங்களை ஒரு ஹம்மிங்கைத் தேடிக் கழிப்பதில் சந்தோஷப்படுகிறவர்கள் போர்டை வாங்கலாம்; அந்தச் சந்தோஷத்துக்கு 5,550 ரூபாய் மலிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதை இன்னொருவரிடம் வசூலிக்கப் பார்த்தது என் தவறு. வாங்கும்போது டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று செம்புதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தையில் அலுமினியம் சுற்றியவையும் கலந்து கிடக்கின்றன, தூக்கிப் பார்த்தால் எடை குறைவாக இருக்கும்.

சோதனைக்கு மறுநாள் விளம்பரத்தில் விலையை 5,000 ஆக்கினேன். அந்த வார இறுதியில் ஆவடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் வந்தான். பாட்டைக் கேட்டான், தலையாட்டினான். மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டு, கழற்றியதும், கிரவுண்ட் ஒயர்கள் ஒரே புள்ளியில் சேரும் இடத்தை டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, "இதை நானே செஞ்சிடுவேன்ணா, இந்தப் போர்டு எங்க கிடைக்கும்?" என்றான். கடைக்கு வழி சொல்லி, மைக்காத் தாளை மறக்காமல் கேட்டு வாங்கச் சொல்லி அனுப்பினேன்.